0.2 வாங்கி கைய சுட்டுக்கிட்ட கதை

முதல் ஏர்பிரஷ், அதாவது காத்தால பெயின்ட்ட ஊதி அடிக்கிற குட்டி கன், வாங்கும்போது நான் பாத்தது ஒரே ஒரு நம்பர்தான், 0.2 மில்லிமீட்டர். நாசில், அதாவது பெயின்ட் வெளில வர்ற முனை, அதோட ஓட்டை எவ்ளோ சின்னதோ அவ்ளோ பைனா கோடு வரும்னு ஒரு நெனப்பு. அப்ப மேசைல கட்டிட்டு இருந்தது மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி, ரெண்டாம் உலகப் போர் ஜெர்மன் போர் விமானத்தோட பொம்மை மாடல், 1/72, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு சைஸ், இறக்கை இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு 14 சென்டிமீட்டர் கூட வராது. ஜெர்மன் பிளேன் கட்டுனவங்களுக்குத் தெரியும், அதுல பெரிய தலைவலியே பாடியோட பக்கவாட்டுல இருக்குற திட்டுத் திட்டான பெயின்ட்தான், வெளிர் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு கலர், அது மேல அடர் சாம்பல்ல மேகம் மாதிரி ஊதி விட்டிருப்பாங்க. நிஜ பிளேன்ல ஒரு சாண் அகலம் இருக்குற திட்டு நம்ம 1/72ல வெறும் 3 மில்லிமீட்டர். அதுலயும் ஓரம் கறாரா நிக்கக் கூடாது, மங்கிக் கரையணும். இத பிரஷ்ல பண்ணிப் பாத்தேன், பிளேனுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு.

சரி 0.2 வாங்கியாச்சு. பிராண்ட் பேர் எதுவும் இல்லாத செட், ஆயிரத்து முந்நூறு ரூபா, ஒரே டப்பால 0.2, 0.3, 0.5 மூணு ஊசியும் மூணு நாசிலும், கூட ஒரு குட்டி ஸ்பேனர். சைக்கிள் வாங்கின பையன் மாதிரி அன்னிக்கு ராத்திரி தூங்கல.

முதல் நாள் தண்ணிய ஊத்தி பேப்பர்ல அடிச்சேன், அட அட அட. ரெண்டாவது நாள் பெயின்ட் ஊத்துனேன், கதை மாறிடுச்சு. நாலு செகண்ட் வரும், அப்புறம் நிக்கும், அப்புறம் துப்பும். ஊசி முனைல பெயின்ட் காஞ்சு ஒரு சின்ன தாடி மாதிரி ஒட்டிக்கும், அத நகத்தால கிள்ளி எடுத்தா மறுபடி நாலு செகண்ட். அக்ரிலிக் பெயின்ட்ல இது எல்லாருக்கும் வர்ற பிரச்சனைதான், ஆனா 0.2ல அது மூணு மடங்கா தெரியும், ஏன்னா அந்த ஓட்டைல போறதே கொஞ்சூண்டு பெயின்ட், ஓரத்துல கொஞ்சம் காஞ்சா வழியே அடைஞ்சிடும். பிரைமர், அதாவது கலருக்கு முன்னாடி அடிக்கிற அடிப் பூச்சு, ஊத்துனா சுத்தம், அதுல இருக்குற பொடி அந்த ஓட்டைய ஒரேயடியா அடைச்சிடும்.

சரி கிளீன் பண்ணுவோம்னு என்சி தின்னர்ல மொத்தத்தையும் ஊற வச்சேன். காலைல பாத்தா டிரிகர் அமுங்க மாட்டேங்குது, அமுக்குனா மேல வர மாட்டேங்குது. உள்ள இருந்த ரப்பர் ஓ-ரிங்லாம் தின்னர குடிச்சு ஊறிப் போன கொண்டக்கடலை மாதிரி உப்பிக் கெடந்துச்சு. நல்ல ஏர்பிரஷ்ல அந்த எடத்துல, குறிப்பா ஊசி போற வழில, டெஃப்லான்ல சீல் இருக்கும், தின்னர் ஒண்ணும் பண்ணாது. இது எனக்கு அப்ப தெரியாது, டப்பாலயும் எழுதல. கடைல கேட்டா தண்ணி பெயின்ட் மட்டும் அடிங்கன்னு இப்ப சொல்றாங்க, விக்கும்போது சொல்லல.

இதெல்லாம் கூட பரவால்ல. என்னைக் கவுத்தது அந்த நாசில்தான். அரிசில பாதி இருக்கும், அடில நூல் மாதிரி மரை, அந்த குட்டி ஸ்பேனர்ல திருகி மாட்டணும். ஒரு நாள் பெயின்ட் ஊத்துற கப்ல குமிழி வந்துச்சு. குமிழி வந்தா நாசில் சரியா உக்காரலன்னு அர்த்தம், காத்து பின்பக்கமா பெயின்ட்டுக்குள்ள நுழையுதுன்னு அர்த்தம். சரி இன்னும் ஒரு கால் சுத்து சுத்துவோம்னு திருகுனேன், டிக்குன்னு ஒரு சத்தம் கூட இல்லைங்க, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி ஸ்பேனர் லூசா சுத்துச்சு. நாசில் தலை என் கைல, மரை பாடிக்குள்ள. தலையும் கை நழுவி மொசைக் தரைல விழுந்துடுச்சு, பித்தளை கலர்ல ஒண்ணு மொசைக் தரைல விழுந்தா என்ன ஆகும்னு சொல்லணுமா? போன் லைட்ட தரையோட தரையா படுக்க வச்சு அடிச்சா சின்னப் பொருளுக்கும் நீளமா நிழல் விழும், அப்படித்தான் கண்டுபிடிச்சேன். அம்மா வந்து பாத்துட்டு "என்னடா, கம்மல் திருகாணி தேடுற மாதிரி தேடுற"ன்னாங்க. கம்மல் திருகாணியா இருந்தா கூட நகைக்கடைல மாத்திக்கலாம்மா, இதுக்கு எங்க போறது.

உள்ள மாட்டுன மரைய எடுக்க முடியுமான்னு எங்க தெரு முனைல டிங்கரிங் பெயின்ட்டிங் பட்டறை வச்சிருக்கிற அண்ணன்கிட்ட போனேன். முப்பது வருஷமா வண்டி டேங்க்குக்கு டூகோ அடிக்கிறவர். கைல வாங்கி ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பி பாத்தார். "என்ன தம்பி இது, ஊசி போடுறதா?" அப்புறம் நான் கொண்டு போன பெயின்ட் டப்பால ஒரு குச்சிய விட்டுத் தூக்கினார், சொட்டு சொட்டா கெட்டியா விழுந்துச்சு. "இத எந்த கன்னுல ஊத்துனாலும் போகாது. பால் பதத்துக்கு வரணும். ஓரத்துல ஊத்தினா வழிஞ்சு ஒரு படலம் மட்டும் ஒட்டி நிக்கணும், பாத்திரத்துல பால் நிக்கிற மாதிரி." நான் அதுவரைக்கும் தோசை மாவ ஊத்திட்டு இருந்திருக்கேன். கெளம்பும்போது இன்னொண்ணு சொன்னார், "பெரிய வாய் கன்னுல சின்னதா அடிச்சிடலாம் தம்பி, சின்ன வாய்ல பெருசா அடிக்க முடியாது." மரைய எடுக்க முடியல, அது வேற விஷயம்.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன், ரெண்டாவது ஏர்பிரஷ் வாங்குறதுக்கு எட்டு மாசம் ஆச்சு. வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், நாசில் சைஸ கடைசியா பாருங்க, அந்த நாசில் எப்படி மாட்டுதுங்கறத முதல்ல பாருங்க. திருகி மாட்டுற நாசில் ஒரு வகை, நல்ல நல்ல ஜப்பான் ஏர்பிரஷ்லயும் அதுதான் இருக்கு, ப்ரோகான் பாய் 289லயும் அப்படித்தான், அருமையான சாமான் அது, 0.3, குறை சொல்றதுக்கு இல்ல, ஆனா என் கை அப்படிப்பட்ட கை இல்ல. இன்னொரு வகைல நாசில சும்மா உள்ள வச்சு முன்னாடி மூடிய கையால திருகினா போதும், தானா நடுவுல உக்காந்துக்கும், மரையும் இல்ல ஸ்பேனரும் இல்ல. இவாடா எக்ளிப்ஸ் எச்பி-சிஎஸ் அந்த மாதிரி, 0.35. ஜெர்மன்காரன் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷனும் அப்படித்தான், அதுல டூ-இன்-ஒன் செட்ல 0.2, 0.4 ரெண்டும் வரும், கப்பும் 2 மில்லி, 5 மில்லின்னு கழட்டி மாத்திக்கலாம். நான் எக்ளிப்ஸ் எடுத்தேன். ஒரே காரணம், அதோட நாசிலும் ஊசியும் இங்க ஸ்பேர் கெடைக்குதான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு, கெடைக்கும்னு தெரிஞ்சப்புறம்தான் காசு குடுத்தேன். ஊசி என்னிக்காவது வளையும்ங்க, வளையாத ஊசி கெடையாது. கழட்டித் துடைக்கும்போது லேசா கப் ஓரத்துல இடிச்சாலே முனை தூண்டில் முள் மாதிரி ஆயிடும், கண்ணுக்குத் தெரியாது, கட்டை விரல் நகத்து மேல மெதுவா இழுத்துப் பாத்தா பிராண்டும். பிராண்டுச்சுன்னா பெயின்ட் ஒரு பக்கமா சாஞ்சு போகும். அப்ப ஸ்பேர் இல்லன்னா அவ்ளோ வெல குடுத்து வாங்குனது பேனா ஸ்டாண்ட்ல நிக்கும்.

0.35ல 109 திட்டு வருமான்னு கேப்பீங்க. வருது. கோடு எவ்ளோ மெலிசுங்கறது ஓட்டைய விட பெயின்ட் எவ்ளோ தண்ணியா இருக்கு, காத்து எவ்ளோ கம்மி, எவ்ளோ கிட்டக்க புடிக்கிறீங்கன்றதுலதான் இருக்கு. நான் டாமியா அக்ரிலிக்க ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தின்னர் போட்டு, காத்தழுத்தத்த 12 பி.எஸ்.ஐ பக்கம் வச்சு, ஒரு விரல் தூரத்துல புடிச்சு அடிக்கிறேன், ஒரு மில்லிமீட்டர் கோடு சாதாரணமா வருது, 3 மில்லிமீட்டர் திட்டுக்கு அது தாராளம். அதே சாமான்ல 18 பி.எஸ்.ஐ வச்சு ஒரு சாண் தள்ளிப் புடிச்சா இறக்கை முழுக்க பிரைமரும் அடிக்கலாம். பட்டறை அண்ணன் சொன்னது அப்படியே.

டபுள் ஆக்‌ஷன் எடுங்க, சிங்கிள் ஆக்‌ஷன் வேணாம். சிங்கிள்ல அமுக்குனா காத்தும் பெயின்ட்டும் சேந்தே வரும், எவ்ளோ வரணும்ங்கறத முன்னாடியே திருகி வச்சிடணும், ஒரே கலர்ல பெரிய எடம் அடிக்க ஓகே, பாஷே எச்னு ஒரு சிங்கிள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் வச்சு வருஷக்கணக்கா அழகா அடிக்கிறவங்க இருக்காங்க, இல்லேங்கல. டபுள்ல கீழ அமுக்குனா காத்து, பின்னாடி இழுத்தா பெயின்ட், ரெண்டும் தனித்தனி. விரலுக்குப் பழக ஒரு மாசம் ஆகும். அதுல ஒரு பழக்கம் மட்டும் முதல் நாளே வந்துடணும், நிறுத்தும்போது முதல்ல டிரிகர முன்னாடி விட்டு பெயின்ட்ட மூடிட்டு அப்புறம்தான் காத்த விடணும். மாத்திச் செஞ்சா முனைல ஒரு சொட்டு தேங்கி நிக்கும், அடுத்த தடவ அமுக்கும்போது அது நேரா காக்பிட் கண்ணாடி மேல போய் உக்காரும். வேற எங்கயும் போகாது, காக்பிட் கண்ணாடிக்குத்தான் போகும். கப் மேல இருக்குற கிராவிட்டி டைப்தான் நமக்கு, கம்மி காத்துல பெயின்ட் தானா இறங்கும், பத்து சொட்டு ஊத்துனாலும் வேல ஆகும். அடில பாட்டில் தொங்குற டைப்புக்கு பெயின்ட்ட உறிஞ்சி மேல ஏத்த கூடுதல் காத்து வேணும்.

ஏர்பிரஷ்க்கு காத்து குடுக்குற கம்ப்ரஸர் தனிக் கதை, சுருக்கமா சொல்றேன். டேங்க் இருக்குறதா வாங்குங்க, 3 லிட்டர் போதும், டேங்க் இல்லன்னா பிஸ்டன் துடிப்பு கோட்டுலயே தெரியும், சில சமயம் கோடு மணி கோத்த மாதிரி வரும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர்ல பண்ணிக்கிறவங்களும் இருக்காங்க, சத்தமே இருக்காது, ஆனா அதுலேர்ந்து எண்ணெய் காத்தோட வரும், அதுக்கு ஃபில்டர் போடணும். கார் டயருக்கு காத்தடிக்கிற குட்டி பம்ப் மட்டும் வேணாம், பத்து நிமிஷத்துல சூடாயிடும். அப்புறம் மாஸ்க். தூசிக்குப் போடுற துணி மாஸ்க்கோ என்95ஓ தின்னர் வாசனைய நிறுத்தாது, கரித்தூள் கார்ட்ரிட்ஜ் வச்சதுதான் வேணும். எங்க வீட்ல ஜன்னல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வச்சும் அம்மா "சாம்பார்ல தின்னர் வாசனை வருது"ங்கறாங்க. வராது, ஆனா வாதாட முடியுமா.

சென்னைல இருக்குறவங்களுக்கு நாசில விட பெரிய எதிரி காத்துல இருக்குற ஈரம். கம்ப்ரஸர் காத்த அமுக்கும்போது அதுல இருக்குற ஈரம் தண்ணியா மாறி ஹோஸ்ல தேங்கும், நல்லா அடிச்சிட்டு இருக்கும்போது திடீர்னு ஒரு சொட்டு தண்ணி பெயின்ட்டோட வந்து இறக்கைல பள்ளம் பறிச்சிடும். கம்ப்ரஸர்ல இருக்குற டிராப், அதாவது தண்ணிய புடிச்சு வைக்கிற குப்பி, மட்டும் பத்தாது, ஏர்பிரஷ்க்குக் கீழயே ஒரு சின்ன டிராப் மாட்டுங்க, அரை மணிக்கு ஒரு தடவ அதோட அடிய அமுக்கி தண்ணிய வெளில விடுங்க. டேங்க்கோட அடில இருக்குற திருகையும் வேல முடிஞ்சதும் தெறந்து விடுங்க, இல்லன்னா உள்ள துருப் புடிக்கும், நான் ஒரு மழைக்காலம் முழுக்க தெறக்காம விட்டு அப்புறம் தெறந்தப்ப டீ கலர்ல தண்ணி வந்துச்சு. லாக்கர்னு சொல்ற, தின்னர்ல கரையுற பெயின்ட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, தின்னர் சட்டுனு ஆவியாகும்போது பெயின்ட் மேற்பரப்பு குளுந்து போய் காத்துல இருக்குற ஈரம் அது மேல படிஞ்சிடும், கருப்பு அடிச்சா மேல வெள்ளையா பூத்துப் போகும், விபூதி தடவுன மாதிரி. மெதுவா காயுற தின்னர், மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் மாதிரி, போட்டா கொறையும், ஆனா ஐப்பசி கார்த்திகைல எந்தத் தின்னரும் காப்பாத்தாது.

இப்ப மேசைல இருக்குறது நாட், நம்ம இந்திய விமானப் படைல இருந்த குட்டி போர் விமானம். சின்ன வயசுலேர்ந்து அந்த பிளேன் மேல ஒரு பாசம், 65 போர்ல பாகிஸ்தானோட சேபர் ஜெட்களோட மோதினது, 71 டிசம்பர் 14ல ஸ்ரீநகர் மேல நிர்மல்ஜித் சிங் சேகோன் தனியா நின்னு சண்ட போட்டு உயிர விட்டது, விமானப் படைல பரம் வீர் சக்ரா வாங்குன ஒரே ஆள் அவர்தான். அந்த பிளேனோட நிஜ இறக்கையே 6.73 மீட்டர்தான், 1/72ல 9 சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கைல அடங்கிடும். நான் பண்றது கேமோ, அதாவது மறைப்புக் கலர், இல்லாத வெள்ளி நாட். ஆல்கிளாட்ங்கற உலோகக் கலர் பெயின்ட்ல சில்வர் அடிக்கணும்னா அடில கண்ணாடி மாதிரி பளபளக்குற பிளாக் வேணும், அதுல ஒரு தூசி, ஒரு நகக்கீறல் இருந்தாலும் சில்வர் அத ஊருக்கே காட்டிக் குடுத்துடும். பிளாக் போன வாரம் அடிச்சிட்டேன், எக்ளிப்ஸ்ல, ரெண்டே பூச்சு, நல்லா பளபளன்னு வந்துச்சு, டியூப் லைட் அதுல கோடா தெரிஞ்சுது, அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்னிக்கு ராத்திரியே மழை புடிச்சிடுச்சு. இன்னிக்கு காலைல மூடிய தொறந்து பாத்தா வலது இறக்கைல லேசா விபூதி. 2000 நம்பர் உப்புத்தாள்ல தண்ணி போட்டு தேய்ச்சுட்டு மறுபடி பிளாக் அடிக்கணும், ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சா சில்வர்.