நாப்பதா, பதினஞ்சு நாப்பதா?

"ஒற்றை நாப்பதா? இப்ப அதை யாரு அக்கா கேக்கா? எல்லாரும் பதினஞ்சு டபிள்யூ நாப்பதுதான் கொண்டு போறாவ" என்று இஞ்சின் ஆயில் விற்கும் கடைப் பையன் சொன்னதை வீட்டுக்கு வந்து அப்படியே மாமாவிடம் ஒப்பித்துவிட்டு, மரச்சீனிக்கு உலை வைக்கப் போனேன். உலை கொதிப்பதற்குள் திண்ணையில் சண்டை கொதித்துவிட்டது.

முதலில் மாமாவின் மீன்பிடிப் போட் இஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு சிலிண்டர் லேலண்ட் லாரி இஞ்சின். நான் மருமகளாக வருவதற்கு முன்பே இந்தக் குடும்பத்துக்கு வந்தது. அந்த மூப்புக்கு உண்டான மரியாதை அதற்கு இன்றைக்கும் கிடைக்கிறது, எனக்குத்தான் அப்பப்போ. அதற்கு என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் "எனக்க அப்பன் ஊத்துன ஆயில்" என்பார். அவருடைய அப்பா ஓட்டியது கட்டுமரம். அதில் எங்கே ஊற்றினார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வீடு ஒர்க்‌ஷாப் ஆகிவிடும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில், நம் குளச்சல் பக்கத்துப் போட் எல்லாம் சும்மா கிடக்கும். அதற்குள் இஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டு, அப்புறம் எந்த ஆணி எங்கே இருந்தது என்று தேட வேண்டும். இதில் சின்னமுட்டத்து அத்தான் வேறு. இருப்பது ஒரே மாவட்டம்தான், ஆனால் அவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. ஏப்ரல் 15ல் தொடங்கிய தடை ஜூன் 14ல் முடிந்துவிடும். நாங்கள் கிரீஸும் கையுமாக நிற்கும்போது அவர் கணவாய் பிடித்து விற்றுவிட்டு, சாவகாசமாகப் போன் போட்டு யோசனை சொல்லுவார். இந்த வருஷத்து யோசனை, "சிந்தெடிக் ஊத்துங்க மாமா". போனைக் கீழே வைத்துவிட்டு மாமா காறித் துப்பினார்.

கப்பலில் இருந்து லீவில் வந்த கொழுந்தன் அப்போதுதான் வாயைத் திறந்தான். அவன் வாய் திறந்தால் இஞ்சினியரிங் காலேஜ் திறந்த மாதிரி. டபிள்யூ என்றால் விண்டராம், குளிர்காலம். பதினஞ்சு டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும் இஞ்சின் சுற்றுகிற அளவுக்கு இளகி இருக்கும். சூடேறி 100 டிகிரிக்குப் போனபிறகு, ஒற்றை நாப்பதும் பதினஞ்சு நாப்பதும் ஒரே வரம்புக்குள்தான் வரும், தடிமன் அளவில் 12.5 சென்டிஸ்டோக்குக்கும் 16.3க்கும் நடுவில். "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே அப்பா, கெடைக்கியதை ஊத்த வேண்டியதுதானே?"

"மைனஸ் இருபதா?" என்றார் மாமா. "மார்கழியிலயே நமக்கு ஃபேன் இல்லாம ஒறக்கம் வராது. குளச்சல்ல என்னைக்குப் பனிக்கட்டி விழுதோ அன்னைக்குச் சொல்லு, வாங்கி ஊத்துகேன்."

இந்த இடத்தில் நான் மாமா கட்சி. ஆனால் கொழுந்தன் விடுகிறவனா? விடியக்காலம் ஸ்டார்ட் பண்ணும்போது இளகின ஆயில் மேலே சீக்கிரம் ஏறும், தேய்மானம் குறையும் என்றான். அதுவும் சரிதான். எனக்குக் கட்சி மாற அவ்வளவு நேரம் ஆகாது.

அப்புறம் மெக்கானிக் அண்ணன் வந்தார். அவர் வந்தால் கட்டன்சாயா குடிக்காமல் தீர்ப்பு சொல்லமாட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "லாரின்னா ஏத்தமும் உண்டு, இறக்கமும் உண்டு. கடல்ல இறக்கம் கெடையாது. போட்டுல கெடக்க இஞ்சின் எப்பவும் மலையேறிட்டேதான் இருக்கும், கேட்டியளா?" அடுப்படியில் நின்று கேட்ட எனக்கு, அவர் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தோன்றிவிட்டது. அவர் சொன்னதன் சாரம் இது. பதினஞ்சு நாப்பதில் பாலிமர் என்று ஒன்றைக் கலந்துதான் சூட்டில் தடிமன் குறையாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். விடாமல் பாரம் இழுக்கும் இஞ்சினில் ஓட ஓட அது அறுந்து ஆயில் இளகும். ஒற்றை நாப்பதில் அறுவதற்கு ஒன்றும் இல்லை. புது ரக ஆயிலில் அழுக்கைக் கழுவும் மருந்தும் அதிகம். வருஷக்கணக்காக உள்ளே படிந்து கிடக்கிற கசடைக் கிளப்பிக்கொண்டு வந்து ஃபில்டரில் அடைக்கும். ஊற்றுவது என்றால் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

"அப்ப ஊத்தலாமா, கூடாதா?" என்று கேட்டேன்.

"ஊத்தலாம். ஊத்தாமலும் இருக்கலாம்" என்றார். சாயாவுக்கு உண்டான தீர்ப்பு அவ்வளவுதான்.

சரி, இஞ்சினோடு வந்த புத்தகத்தையே பார்த்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தால், ஆயிலைப் பற்றிய பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரையான் தின்றிருக்கிறது. மாமி வருஷாவருஷம் பழைய ஆயிலைப் பிடித்துவைத்துக் கோழிக்கூட்டுக் காலுக்குப் பூசுகிற ஆள். கோழிக்கூடு நூறு வருஷம் நிற்கும். அலமாரிக்குப் பூச யாருக்கும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் எந்தச் சண்டையிலும் சேரமாட்டார். "ரெண்டு பேரு சொல்லியதுலயும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு டியூஷன் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமா என்னைப் போட்டுக்குக் கூட்டிப்போய் ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். லாரியில் இஞ்சின் மட்டமாக இருக்கும். போட்டில் பின்பக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கும். அதனால் கம்பெனி போட்ட கோடு இங்கே சரிவராது. மாமா அளந்து ஊற்றி, அரத்தை வைத்துத் தானே ஒரு வெட்டு போட்டிருக்கிறார். தடவிப் பார்த்தேன், நகம் சிக்கியது. கம்பி நுனியில் தொங்கிய பழைய ஆயிலை விரலில் எடுத்து உரசினார், மோந்து பார்த்தார். "வெளுக்கல்ல. உப்புத்தண்ணி கேறல்ல" என்றார். பிறகு பையில் இருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டார். நடுவில் கறுப்பு கட்டி நின்றுவிட்டால் ஆயிலுக்கு அழுக்கைச் சுமக்கத் தெம்பில்லை; மெல்லப் பரவி மங்கினால் இன்னும் உயிர் இருக்கிறது; சுற்றிலும் அகலமாக ஒரு வெளிறிய வளையம் விழுந்தால் டீசல் கலந்திருக்கலாம். விடிய விடியக் காயவைத்துப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

அது என் மகளின் டிராயிங் தாள். காலையில் காணவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் இருந்து திரும்பி வந்தது, கீழே "சூரிய கிரகணம்" என்று எழுதி, மிஸ் போட்ட ஸ்டாரோடு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "டீசல் எறங்குது. அதைப் பீச்சுத நாசில் பாக்கணும்" என்றார். பேத்தி வாங்கிய ஸ்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பனும் மகனும் பேசாமல் ஆனது அதற்குப் பிறகுதான். நாசில் விஷயத்தைத் தான் முதலிலேயே சொன்னதாகக் கொழுந்தன் சொல்ல, மாமா அதை மறுக்க, "அவன்ட்ட சொல்லு, சாயா ஆறுதுன்னு" என்று மாமி வழியாகப் போக்குவரத்து நடந்தது. சாயாவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்.

ஆகஸ்ட் நெருங்குகிறது, ஆயிலைக் காணோம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். திங்கள்நகரில் இல்லை. தக்கலையில் இருந்தது பதினஞ்சு நாப்பது மட்டும். நாகர்கோவிலுக்கு விட்டேன். வழியில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1741ல் நம் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய் அங்கேதான் அடங்கியிருக்கிறார். பிடிபட்ட பிறகு கட்சி மாறி, மகாராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியும் ஆனார். பீரங்கியோடு வந்த வெள்ளைக்காரன் மனசு மாறியிருக்கிறான், எங்கள் மாமா மாறுவாரா?

கோட்டாற்றில் ஒரு பழைய கடையில் கிடைத்தது. எஸ்.ஏ.இ. 40, அதாவது ஒற்றை நாப்பது, இருபது லிட்டர் பக்கெட். கொழுந்தன் சொல்லிக்கொடுத்த மாதிரி, தரத்தைக் காட்டும் எழுத்தைத் தனியாகப் பார்த்தேன்: எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. சி இருந்தது. "வீட்டுல யாரு மெக்கானிக்கா?" என்று கடைக்காரப் பெரியவர் கேட்டார். "எல்லாரும்" என்றேன். பக்கெட்டைக் காலுக்கு நடுவில் வைத்து, முட்டி இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்க, குளச்சல் வரை வந்தேன். வழியெல்லாம் சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

நாசிலைச் சரிபார்த்து, ஆயிலை ஊற்றி, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்கள். பிரஷர் முள் ஏறி நின்றது. மாமா கொழுந்தனைப் பார்த்தார். "நான் சொன்னதை ஊத்தியிருந்தாலும் இப்படித்தான் நிக்கும்" என்றான் அவன், கம்பியைப் பார்த்துக்கொண்டே.

நேற்று ராத்திரி மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே என் கவலையைச் சொன்னேன். பக்கெட் சுமந்த நாளில் இருந்து ஸ்கூட்டி ஒரு மாதிரி முனகுகிறது, ஆயில் மாற்றி எவ்வளவு காலமோ தெரியாது, என்ன ஆயில் ஊற்றட்டும் என்று கேட்டேன்.

"பக்கெட்ல மிச்சம் கெடக்குல்லா? அதுல கொஞ்சம் ஊத்து மக்களே" என்றார் மாமா.

"மாமா, புத்தகத்துல பத்து டபிள்யூ முப்பதுன்னு போட்டிருக்கு."

"கம்பெனிக்காரன் விக்கதுக்கு ஆயிரம் எழுதுவான்."

கொழுந்தனைப் பார்த்தேன். சென்டிஸ்டோக், பாலிமர், மைனஸ் இருபது எல்லாம் படித்தவன். சாளைமீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டே, "அப்பா சொல்லியது சரிதான் மைனி. ஸ்கூட்டிதானே, எதுன்னாலும் ஓடும்" என்றான்.