எழுதாண்டாம் என்றார், எழுதினேன்

மூச்சு முட்டுகிறது என்று வருகிறவரை ஊத வைத்து அளவு எடுப்பதும், அதற்கு முன்னால் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுச் சீட்டில் எழுதுவதும் நெஞ்சு நோய் கிளினிக்கில் என் வேலை. எழுதுவதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருவர் எழுதாதே என்று சொல்லி, நான் எழுதிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

முதல் தடவை வந்தபோது பால்வெட்டு என்றுதான் சொன்னார். பொய்யில்லை. சட்டையில் உறைந்த ரப்பர் பாலின் புளித்த வாசனை இருந்தது, நகக்கண்ணில் காய்ந்த பால் கறுத்து ஒட்டியிருந்தது. ரப்பர் வெட்டு என்று எழுதிவிட்டு மூக்கில் கிளிப் மாட்டி ஊதச் சொன்னேன். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று நான் கத்திக்கொண்டே இருக்க, பாதியில் இருமல் வந்து குழாயைக் கீழே வைத்துவிட்டார். இரண்டாவது தடவை முழுதாக ஊதினார். உள்ளே பிடிக்கிற காற்றே குறைவு. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள்.

டாக்டருக்கு முதலில் வந்த சந்தேகம் ஒவ்வாமையால் வருகிற நுரையீரல் அழற்சி. அதற்குக் காரணம் உண்டு. 2017-இல் வெளிவந்த இந்தியப் பதிவேட்டில் நுரையீரல் திசு அழன்று தழும்பாகிற வகை நோய்கள் உள்ள 1084 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதுதான் இருந்தது. பூசணம், பறவை எச்சம், ஈரம் பிடித்த ஏர்கூலர் என்று அதற்குக் காரணங்கள் பல. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலோ இரண்டு பருவமழையும் கொட்டும், சுவரில் பூசணம் பூக்காத வீடு குறைவு. இவர் வீட்டில் கோழியும் உண்டு, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையும் உண்டு. எல்லாம் பொருந்தித்தான் வந்தது. அந்த நோய் என்றால் வழக்கமாக ஸ்டீராய்டு தொடங்குவார்கள். டாக்டர் பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை கேளுங்க. இப்ப பாக்கிற வேலைய இல்ல, பள்ளிக்கூடம் விட்ட நாள்ல இருந்து என்னென்ன வேலைன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். சின்ன வயதில் கேரளாவில் பாறை உடைக்கப் போனவர். அப்புறம் இங்கேயே குவாரியும் கல்லைப் பொடிக்கிற கிரஷருமாக இருபது வருஷத்துக்கு மேல். கம்ப்ரஸர் வைத்துப் பாறையில் குழி போடுகிற வேலை. தண்ணீர் விடாமல் உலர்ந்த பாறையிலேயே துளைப்பார்களாம், முன்னால் நிற்கிறவன் முகம் தெரியாதாம். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வாராம். மேடு ஏற முடியாமல் போன பிறகுதான் பால்வெட்டுக்கு வந்திருக்கிறார். இடையில் யாரோ டிபி என்று சொல்லி மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஈரத்துண்டு கண்ணுக்குத் தெரிகிற பொடியைத்தான் தடுக்கும். தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. பாறையில் இருக்கிற சிலிக்காவை உள்ளே இருக்கும் செல்கள் விழுங்கி, ஜீரணிக்க முடியாமல் செத்து, அந்த இடம் தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்பது இதுதான். வேலையை விட்டாலும் தழும்பு ஏறிக்கொண்டே போகலாம். பெரும்பாலும் பத்து வருஷமோ அதற்கு மேலோ கழித்துத்தான் இளைப்பு வெளியே தெரியும். அதனால்தான் இப்போது பார்க்கிற வேலையை மட்டும் கேட்டு எழுதுகிற சீட்டில் இந்த நோய் சிக்குவதே இல்லை. துளைக்கும்போது தண்ணீர் விடுவது, பொடியை உறிஞ்சுகிற கருவி வைப்பது, இதெல்லாம் யாருக்கும் தெரியாத வித்தை இல்லை. செய்யாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கிரஷர் என்று எழுதப் பேனாவை வைத்ததும் அவர் என் கையைப் பார்த்தார்.

"அத எழுதாண்டாம் மக்ளே. எனக்க மவன் அங்கதான் டாரஸ் லாரி ஓட்டுகான்."

"இது உங்க வைத்தியத்துக்குத்தான் அண்ணே. வேலையால வந்த நோய்னு ஆனா நஷ்டஈடு கேக்கவும் வழி உண்டு."

"எந்த ஓனருக்க பேர எழுதுவ? சம்பளச் சீட்டு உண்டா, பி.எஃப். உண்டா? எனக்க கையில என்ன இருக்கு?"

பதில் சொல்லவில்லை. எழுதினேன். கிரஷரின் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல் உடைக்கும் வேலை, உலர் துளைப்பு, இருபது வருஷத்துக்கு மேல் என்று மட்டும் எழுதினேன்.

எழுதியதற்கு வலுவான காரணம் இருந்தது. சிலிக்கா படிந்த நுரையீரலுக்கு டிபி வருகிற ஆபத்து பல மடங்கு அதிகம். ஒவ்வாமை என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், உள்ளே பதுங்கிக் கிடக்கிற டிபி கிளம்பியிருக்கலாம். நான் எழுதியதைப் பார்த்துத்தான் டாக்டர் ஸ்டீராய்டைத் தள்ளிவைத்து, சளிப் பரிசோதனைக்கு எழுதினார். இதைச் சொல்லித்தான் நான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஆனால் அதே விஷயத்தை உள்ளே போய் டாக்டரிடம் வாயால் சொல்லியிருக்கலாமே? வைத்தியம் அப்படியேதான் நடந்திருக்கும். சீட்டில் கிரஷர் என்ற சொல் இருந்திருக்காது. அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். இல்லை, அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தால்? வாயால் சொன்னது அன்றைக்கே போய்விடும். இன்னொருவர் மறுபடியும் டிபி மாத்திரையில் தொடங்குவார். இப்படி இரண்டு பக்கமும் எனக்குள் பேசிப் பேசி ஒரு முடிவும் வந்தபாடில்லை.

நஷ்டஈடு பற்றி நான் சொன்னதுதான் ரொம்ப உறுத்துகிறது. சட்டத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து 2020-இல் வந்த தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வரைக்கும், டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் அதை வேலையால் வந்த நோயாகவே வைத்தது. ஆனால் ஒருவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும். இவரைப் போன்றவர்கள் வாரக்கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்த நேரத்தில் நஷ்டஈடு என்ற பேச்சை எடுத்தது அவருக்காகவா, எழுதுவது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாலா?

சளி கொடுக்க வந்தார். அதில் டிபி இல்லை. அதன் பிறகு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதே பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அவர் மகன் இப்போது கிரஷரில் இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். என் சீட்டுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க முடியாது. முதலாளி பெயர் இல்லாததால் எங்கேயும் அறிவிப்பு போகவில்லை, பதிவு எங்கள் கோப்பில்தான் கிடக்கிறது. குவாரிகள் நாலு மாதம் நடப்பதும் இரண்டு மாதம் நிற்பதும் இங்கே வழக்கம், கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் லாரி ஓடாத நாட்களும் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் அவர் கையில் கொடுத்த நகலை யார் யார் பார்த்தார்கள்?

இப்போது எல்லோரிடமும் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்தே கேட்கிறேன். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் வறுக்கிற புகை, மரமில், செங்கல் சூளை, வளைகுடாவில் கட்டட வேலை என்று நிறைய வெளியே வருகிறது. எழுதுவதற்கு முன்னால், இந்தத் தாள் யார் கைக்கெல்லாம் போகும், எதற்கெல்லாம் உதவும், எதற்கு உதவாது என்றும் சொல்லிவிடுகிறேன். கேட்டதும் சிலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் சீட்டில் கூலி என்று மட்டும் எழுதிவிட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் டாக்டரிடம் வாயால் சொல்கிறேன்.

டாக்டருக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் எழுது, அப்புறம் விளக்கு, எழுதாமல் விட்ட வேலை அந்த ஆளைக் கொன்றுவிடும் என்கிறார். அவர் சொல்வதை மறுக்க என்னிடம் பதிலில்லை. ஆனாலும் நான் முதலில் விளக்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.