கணக்கு அண்ணன் சத்தமாக வாசித்தது எதற்கு?

குமுளியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் போன வருஷம் கொள்முதல் கணக்கையெல்லாம் செல்போன் ஆப்புக்கு மாற்றினோம். எந்த வேலையை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்தது நான்தான். அதில் நான் செய்த தப்பை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முன்பெல்லாம் வண்டன்மேடு பக்கமிருந்து ஜீப் வந்து நின்றால், வாசலில் பையன் மூட்டையை எடை போட்டுத் துண்டுச்சீட்டில் எழுதுவான், உள்ளே கணக்கு அண்ணன் அதை வாங்கி, தோட்டக்காரர் எதிரே நிற்க, சத்தமாக வாசித்துக்கொண்டே பேரேட்டில் ஏற்றுவார். ஒரே எடையை இரண்டு பேர் எதற்கு எழுத வேண்டும்? இரண்டாவதை எடுத்துவிட்டேன். ஆனால் "43 இல்லேண்ணா, 48" என்று தோட்டக்காரர் திருத்தியதெல்லாம் அந்த வாசிப்பில்தான் நடந்தது என்பது, மாதக் கடைசியில் பணம் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சண்டை போட்ட பிறகுதான் உறைத்தது. போதாததற்கு ஆப்பில் வெறுமனே 'எடை' என்று ஒரு கட்டம். ஒரு பையன் சாக்கோடு போட்டான், இன்னொருவன் சாக்கைக் கழித்துப் போட்டான்.

ஈர விஷயம் இதைவிட மோசம். அண்ணன் நாலு காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். நன்றாகக் காய்ந்த காய் கலகலவென்று சத்தம் தரும். தராவிட்டால் பேரேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் 'ஈ' என்று எழுதி வட்டம் போடுவார். ஆப்பில் அதற்கு இடமே நான் வைக்கவில்லை, ஈரக்காய் காய்ந்த காயோடு கலந்து ஒரே லாட்டாகி, மூட்டையைப் பிரித்தபோது பூஞ்சை வாடை.

1990இல் மைக்கேல் ஹாமர் என்ற அமெரிக்க நிர்வாகவியல் நிபுணர் எழுதிய கட்டுரையில் ஃபோர்டு கம்பெனி, பில்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் முக்கால்வாசி ஆட்களைக் குறைத்ததாக வரும். எனக்கு அதுதான் மனதில் நின்றது. சரக்கு இறங்கும் இடத்திலேயே கம்ப்யூட்டரில் உள்ள ஆர்டரோடு ஒத்துப் பார்த்து, ஒத்துப்போகாததைத் திருப்பி அனுப்பினார்கள், அதனால்தான் உள்ளே ஆள் தேவைப்படவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

சரி, இப்போது சாக்கு எடைக்குத் தனிக் கட்டம், ஈரத்துக்கு ஒரு கட்டம். எடையைத் தோட்டக்காரரிடம் வாசித்துக் காட்டி அவர் சரி என்ற பிறகுதான் பையன் சேமிக்கிறான். செல் நம்பர் கட்டாயம் என்று வைத்திருந்ததையும் எடுத்துவிட்டேன், அவசரத்தில் எல்லோரும் ஒன்பதையே பத்துத் தடவை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெயர்கள்தான் இன்னும் பாக்கி. தங்கப்பன் என்ற பெயரை இங்கிலீஷில் தட்டும்போது மலையாளம் படித்த பையன் நடுவில் 'கே' போடுகிறான், தமிழ் படித்தவன் 'ஜி' போடுகிறான், ஆப்புக்கு அது இரண்டு ஆள், இரண்டு பற்று வரவு. தோட்டத்தின் பதிவு நம்பரை வைத்து ஒன்றாக்கிக்கொண்டு வருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் பழைய பேரேடுகளோடு வந்து உட்காருகிறார், அவர் வாசிக்கிறார், நான் தட்டுகிறேன்.