முழங்கால் ஐஸும் யாழ்தேவி ரோலும்

யாழ்ப்பாணம் போய் எடுத்த பிலிம் ரோல் ஒன்றை நேற்று வெள்ளவத்தை பிளாட்டில் கழுவினேன். அப்பா இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

கறுப்பு வெள்ளை பிலிம் கழுவ டெவலப்பர் என்கிற மருந்துக் கரைசல் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டுமாம். இதை எழுதினவன் கொழும்பில் ஒருநாளும் குளித்திருக்க மாட்டான். எங்கள் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ந்த தண்ணீர் வரும்; அதில் நேராகவே தேத்தண்ணி போடலாம். ஆகவே ஐஸ். பிரிட்ஜில் இருந்ததெல்லாம் அப்பாவின் முழங்காலுக்கென்று வைத்தது. முழங்கால் நாளைக்கும் வீங்கத்தானே போகிறது என்று எடுத்துவிட்டேன்.

இதே ஊரில்தான் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் 1944இல் சாகும்வரை இருட்டறைக்குள் வித்தையெல்லாம் காட்டினார். அவர் வீடு இருந்த இடத்தில் இன்றைக்கு அவர் பெயரில் அரங்கே நிற்கிறது. அந்த மனிசன் ஐஸுக்கு யாருடைய முழங்காலைப் பிடித்தாரோ!

எனக்கு இருட்டறை பாத்ரூம்தான். உண்மையில் பிலிமைச் சுருளில் ஏற்றும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் கும்மிருட்டு வேண்டும். சுருளை வெளிச்சம் புகாத டாங்கில் போட்டு மூடியைப் பூட்டிவிட்டால் லைட்டைப் போட்டு, ஹோலில் இருந்துகொண்டே கழுவலாம். இதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அந்த ஏழரை நிமிட நிம்மதி எங்கே கிடைக்கும்? நிமிடத்துக்கொரு தரம் டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்துகிறேன், வெளியே அப்பா கதவைத் தட்டுகிறார்.

"தம்பி, அவசரமடா."

"கதவைத் திறந்தா யாழ்ப்பாணம் முழுக்க அழிஞ்சிடும் அப்பா."

பாவம், முன்வீட்டு மாமியின் பாத்ரூமுக்கு நொண்டி நொண்டிப் போனார்.

காய்ந்ததும் அம்மா நெகட்டிவை ரியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். யாழ்தேவி ரயில் யன்னல், கோண்டாவில் வீடு ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. கிணற்றடியில் அம்மம்மா நிற்கிற படத்தில் வந்து நின்றுவிட்டார்.

"அம்மாவுக்குத் தலை கறுத்திட்டுது."

நெகட்டிவில் நரையெல்லாம் கறுப்புத்தானே என்று விளக்க வாயெடுத்தேன்.

"நான் பள்ளிக்கூடம் போகேக்க இப்பிடித்தான் இருந்தவ. சேலையைப் பார், வெள்ளையில்லை."

பிரிண்ட் போட்டால் எல்லாம் பழையபடி வெளுத்துவிடும் என்று சொல்லவில்லை. சொல்ல நேரமும் கிடைக்கவில்லை; குசினிக் கத்தரிக்கோலை எடுத்து அந்த ஒன்றை வெட்டிப் பேர்ஸுக்குள் வைத்துவிட்டார். வெட்டினதையாவது நேராக வெட்டக் கூடாதா? அடுத்த படம், திரும்பி வரும்போது ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு எடுத்த ஆனையிறவு உப்பளம். பாதிதான் மிச்சம்.

கேட்டால், "உப்பளம் அங்கதானே கிடக்கும், அடுத்தமுறை போகேக்க எடு" என்கிறார்.