ஞாயிற்றுக்கிழமை காலியாகும்போது

பிப்ரவரி 4, ஞாயிறு

கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு வந்தவருக்கு முதல் சில மாதங்களில் மிகவும் கனப்பது ஞாயிறு காலைதான். பாட்டு, தெரிந்த முகங்கள், பிரசங்கம், நடுவில் கொஞ்சம் மௌனம், யாருக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி. ஐந்தும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. அவை போன வெறுமையை ‘தேவன் கூப்பிடுகிறார்’ என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் உண்டு. 2013 ஜனவரியில் லண்டனில் தொடங்கிய சண்டே அசெம்பிளி, இவற்றைக் கடவுள் இல்லாமல் ஒன்றாகக் கட்டிப் பார்த்த முயற்சி. பக்கத்தில் அப்படி ஒன்று இல்லாதவர் பாட்டிலிருந்து தொடங்கலாம். வாரம் ஒரு தடவை கூடும் பாட்டுக் குழு போதும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

நரக பயம். நம்பிக்கை போன பிறகும் இது போகாது. சிறு வயதில் ஏறியது, வாதத்துக்கு மசியாது. நடு ராத்திரியில் வரும், காய்ச்சலில் வரும். உடனே ‘உள்ளுக்குள் இன்னும் நம்புகிறேனோ’ என்று குழம்ப வேண்டாம்.

மனம் தெளிவாக இருக்கும் பகலில் அந்தச் சொல்லின் வரலாற்றைப் படித்து வையுங்கள். பழைய ஏற்பாட்டின் பாதாளம், எபிரேயத்தில் ஷியோல், நல்லவரும் கெட்டவரும் சேர்ந்தே போகும் இடம். ‘மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்’ என்கிறது பிரசங்கி 9:5. புதிய ஏற்பாட்டில் நரகம் என்று வாசிப்பது பெரும்பாலும் கெகன்னா, அதாவது எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கு. பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் அது என்று எரேமியா 7:31 சொல்கிறது. ஒரு பள்ளத்தாக்கின் பெயர் நித்திய அக்கினியாக மாறிய கதை தெரிந்தவருக்கு, பயம் வந்தாலும் கால் ஊன்ற இடம் இருக்கும்.

பிப்ரவரி 7, புதன்

நேற்று விட்டுப்போனது: மாற்கு 3:29, பரிசுத்த ஆவியைத் தூஷிப்பது மன்னிப்பே இல்லாத பாவம் என்னும் வசனம். அடுத்த வசனத்தையும் படியுங்கள். இயேசுவுக்கு அசுத்த ஆவி பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களுக்கான பேச்சு அது. பயம் வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். சிகிச்சையில் மதத்தைக் கலப்பவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ராத்திரி ஜெபத்தில் நன்றி, மன்னிப்பு, விண்ணப்பம் என்று மூன்று வேலைகள் நடந்தன. நன்றியை உரியவரிடமே சொல்லலாம். விண்ணப்பத்துக்கு ஈடு கிடையாது, இருப்பதாகப் பாவனை செய்யக் கூடாது. மன்னிப்புதான் கடினம். மண்டியிட்டால் பாரம் இறங்கிவிடும், புண்பட்டவருக்குச் சேதியே போகாது. இனி அவரிடமே போய் நிற்க வேண்டும். அவர் மறுக்கலாம். கடவுள் இல்லாத வாழ்வில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

தசமபாகம்: நூற்றுக்குப் பத்து எடுத்து வைக்கும் பழக்கத்தை விடாதீர்கள். போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

‘அப்படியானால் எதற்காக வாழ்வது?’ இரண்டு வாரம், தூங்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எது செய்யத் தகுந்ததாக இருந்தது? யாருக்கு? திரும்பத் திரும்ப வரும் பெயர்களுக்கும் வேலைகளுக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அவசரப்பட்டு ஒரு கட்சியையோ தலைவரையோ பிடித்துக்கொண்டால் அதே சபை வேறு பெயரில் திரும்பி வரும்.

பிப்ரவரி 15, வியாழன்

வீட்டில் சொல்வது. அடுத்தவர் காசில் படிப்பவர் பொறுத்திருப்பதில் வெட்கமில்லை. முதலில் ஒருவரிடம், தனியாக, துக்கமும் பண்டிகையும் இல்லாத நாளில். ‘எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் மேல் உள்ள பாசம் மாறவில்லை.’ அது போதும். ஆதாரங்களை அடுக்கினால் கெட்டுப்போகும். அம்மாவின் காதில் அது, பிள்ளையை நித்தியத்துக்கும் பிரியப்போகிறோம் என்ற சேதி. தேவன் இல்லை என்பவன் ‘மதிகேடன்’ என்று சங்கீதம் 14:1ஐ யாராவது எடுத்தால் பதில் வசனம் தேடாதீர்கள். உனக்காக ஜெபிக்கிறேன் என்றால் ‘சரிம்மா’ என்று சொல்லுங்கள். அடுத்த வாரமும் போன் பண்ணுங்கள்.