பின்வாசல் விவகாரம்

மார்ச் 3, ஞாயிறு

குடியிருப்போர் கூட்டம் இன்று பாதியிலேயே கலைந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் பின்வாசலைப் பூட்டலாமா என்பதுதான் பேச்சு. பூட்டத்தான் வேண்டும் என்றார் முதல் மாடிப் பெரியவர். வேலை முடிந்து நான் அந்த வழியாகத்தான் வருவேன். "மத்தவங்க கஷ்டம் உங்களுக்கு எங்க சார் புரியும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதிலே பேசவில்லை. நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 5, செவ்வாய்

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. நான் பேசியது வாசலைப் பற்றி அல்ல, அவர் மனசைப் பற்றி. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1863-ல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நடத்தத் தெரியாமல் திணறியவர். 1876-ல் அவர் வெளியிட்ட கூட்ட விதிகளில் ஒன்று இது: தீர்மானத்தைக் கடுமையாக எதிர்க்கலாம், கொண்டுவந்தவரின் உள்நோக்கத்தைத் தாக்கக் கூடாது. நான் மீறியது இதைத்தான்.

மார்ச் 6, புதன்

போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். கதவைப் பாதிதான் திறந்தார்.

மார்ச் 8, வெள்ளி

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-ல் ஒரு பயிற்சி சொன்னார். எதிரே இருப்பவர் சொன்னதையும் அவர் உணர்வதையும், அவரே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நம் கருத்து. பெரியவர் தரப்பை எழுதிப் பார்த்தேன். "திருட்டுப் பயம்" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. அதுவும் என் ஊகம். மூன்று வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம்!

மார்ச் 10, ஞாயிறு

மறுபடி கூட்டம். "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன் சார், தப்புன்னா திருத்துங்க" என்று ஆரம்பித்தேன்.

"திருட்டு இல்லை தம்பி. அந்த இரும்புக் கதவு என் படுக்கையறைக்கு நேர் கீழே இருக்கு. ராத்திரி ஒவ்வொருத்தரும் அடிச்சுச் சாத்துறப்ப முழிப்பு வந்துடுது. மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரும் பதில் சொல்லலை."

அடித்துச் சாத்துகிறவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், பதில் வராத வருத்தத்தையும் சேர்த்து. "அதேதான்" என்றார். பிறகு, நள்ளிரவில் முன்வாசல் வரை சுற்றி வருவதிலுள்ள சிரமத்தை நான் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டார்.

ஒரு மாதம் பூட்டிப் பார்ப்பது என்று முடிவானது. நான் எதிர்த்துத்தான் கை தூக்கினேன். கதவைச் சரிசெய்தால் போதும், பூட்டு தேவையில்லை என்பதே இப்போதும் என் எண்ணம்.

கடைசியில் நாற்காலிகளை அவரும் நானும் அடுக்கினோம். அடுத்த கூட்டத்தில் இதை மறுபடி எடுப்பேன் என்றேன்.

"தாராளமா எடுங்க. நானும் பேசுவேன்" என்றார்.