லூசியின் முகத்தை வரைந்து பழகுகிறேன்

பென்சிலில் முகபாவங்கள் வரைந்து பழக ஆள் தேடிக்கொண்டிருந்தபோது சிக்கியவர் லூசில் பால். 1951 முதல் 1957 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் டிவியில் ஓடிய 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரில் லூசியாக நடித்த நாயகி. காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு அந்த முகத்தை நோட்டில் வரைகிறேன்.

அந்தக் காலத்துத் தொடர் என்றாலும் நிறுத்திய காட்சி பளிச்சென்று இருக்கிறது. அப்போது பல நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. டிவி திரையையே படம்பிடித்து வைத்த மங்கலான பிரதிகள்தான் அவற்றில் மிஞ்சின. லூசியும் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்று நின்று, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பார்வையாளர்கள் முன்னால் மூன்று கேமராக்களில் பிலிமில் எடுத்தார்கள். பிலிமின் உரிமையும் அவர்களிடமே இருந்தது.

வரைபவனுக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. மூன்று கேமராவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும் என்பதால் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் மேலிருந்து சீராக வெளிச்சம் கொடுத்திருக்கிறார். முகத்தில் நிழலே அதிகம் விழாது. 4பி என்ற மென்மையான கறுப்புப் பென்சிலால் நிழல் தேய்த்து ஒப்பேற்ற வழியில்லை. புருவக்கோடும் வாய்க்கோடும் சரியாக விழுந்தால்தான் உண்டு.

அதிகம் வரைந்தது 1952இல் வந்த டானிக் விளம்பரக் காட்சியைத்தான். லூசி ஒரு டானிக்கைப் புகழ்ந்து பேசி, ஒரு ஸ்பூன் குடித்துக் காட்ட வேண்டும். அதில் 23 சதவீதம் ஆல்கஹால். ஒத்திகை ஏற ஏற போதையும் ஏறுகிறது. எல்லோரும் அந்தப் போதையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது முதல் ஸ்பூன். விழுங்கியதும் முகம் மொத்தமாகக் கோணுகிறது. விளம்பரமாயிற்றே என்று சிரிப்பை இழுத்துக்கொண்டு வருகிறார். அந்த இடைவெளியில் நிறுத்தி வரைந்தேன். ஓவியத்தின் மேல் பாதியைக் காகிதத்தால் மறைத்தால் விளம்பரச் சிரிப்பு. கீழ்ப் பாதியை மறைத்தால் விளக்கெண்ணெய் குடித்த குழந்தை!

அதே ஆண்டில் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி வேறு மாதிரி. சாக்லேட்டுகளைச் சுமந்து நகரும் பெல்ட் வேகமெடுக்கிறது, தாள் சுற்ற முடியாத சாக்லேட்டுகளை லூசியும் தோழி எத்தலாக வரும் விவியன் வான்ஸும் வாயிலும் தொப்பியிலும் திணிக்கிறார்கள். இங்கே வாய் உப்பிவிடுவதால் கண் மட்டும்தான் நடிக்கிறது. கண்ணை மட்டும் ஒரு பக்கம் முழுக்க வரைந்தேன். பயம் இருக்கிறது, ஆனால் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை கடைசிவரை போகவில்லை. லூசி நம்மைச் சிரிக்க வைக்கப் பார்ப்பதே இல்லை, வேலையை முடிக்கத்தான் பார்க்கிறார். அவருடைய கவர்ச்சியே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

மாடலாக இருந்தவர், 1930களிலிருந்து படங்களில் நடித்தவர். அழகு முகம் என்று மட்டும் பார்த்த சினிமா அவரைப் பெரிய நட்சத்திரமாக்கவில்லை. தொடர் தொடங்கும்போது வயது 40. (அப்புறம் 1962இல் கணவரின் பங்கை வாங்கி, இருவருக்கும் சொந்தமாக இருந்த டெசிலு ஸ்டுடியோவையே தலைமையேற்று நடத்தினார். 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடர் அங்கிருந்து வந்ததுதான்.)

வாய் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. புருவம் இன்னும் வரவில்லை. அரை மில்லிமீட்டர் ஏறினாலும் திகைப்பு கோபமாகிவிடுகிறது. அடுத்து 1955இல் நகைச்சுவை நடிகர் ஹார்ப்போ மார்க்ஸோடு அவர் கண்ணாடி பிம்பம்போல நடித்த காட்சியை எடுக்கப் போகிறேன். இரண்டு முகம், ஒரே பாவம், இரண்டு பக்கம் சேர்த்து வரைய வேண்டும்.